கெர்னலின் கதை – 9: பெயர் தெரியாத ஒருவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லினக்ஸைத் தொட்டுப் பார்த்த எவரையும் ஒருநாள் அந்த வரி வழிமறித்திருக்கும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து: இந்த ஃபைல் சிஸ்டம் வகையை கெர்னல் ஆதரிக்கவில்லை. வட்டு கெட்டுப்போகவில்லை. கேபிள் சரியாகத்தான் செருகியிருக்கிறது. கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. வட்டில் எது எங்கே, எந்த ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது. தெரியாததை ஓடும்போதே கற்றுக்கொள்ளவும் அன்று அதற்கு வழியில்லை.

மிஞ்சியது ஒரே வேலை. கெர்னல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்வது.

சென்ற வாரம் 1992 ஜனவரி 29-ல் நிறுத்தியிருந்தோம். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், ஹெல்சிங்கியில் இருந்த 22 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸின் படைப்பைக் காலாவதியானது என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அவர் வைத்த குற்றச்சாட்டு எளிமையானது. நினைவகத்தை ஆள்வது, வட்டைப் படிப்பது, கருவிகளோடு பேசுவது எல்லாவற்றையும் ஒரே பெரிய நிரலாகக் கட்டுவது பழைய முறை. அவர் எழுதிய மினிக்ஸில் ஃபைல் சிஸ்டம் தனியாக ஓடும் ஒரு நிரல், கெர்னல் சிறியது. லினக்ஸில் எல்லாம் ஒரே உடல். மைக்ரோகெர்னல் என்ற இந்தச் சிறு கெர்னல் முறை அழகான யோசனைதான் என்பதை டோர்வால்ட்ஸும் மறுக்கவில்லை. ஆனால் தன் கையில் ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிட அவர் தயாராக இல்லை.

அந்த வாதத்தில் யார் வென்றார் என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என்னை நிறுத்துவது அதற்குள் ஒளிந்திருந்த சின்னக் கேள்விதான். நாளைக்குப் புதிதாக ஒரு ஃபைல் சிஸ்டம் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் அதை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

புதிது வர அதிக நாள் ஆகவில்லை. மூன்றே மாதம்.

*

லினக்ஸ் முதலில் பயன்படுத்தியது டானன்பாமின் மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தைத்தான். டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் ஓடிய கணினியில் உட்கார்ந்து லினக்ஸை எழுதியவர். அதே வட்டைத் தன் கெர்னலும் படிக்க வேண்டும் என்று அதே அமைப்பை எடுத்துக்கொண்டார். பாடம் நடத்துவதற்காக உருவான அமைப்பு அது. ஒரு வட்டுப் பகுதி 64 எம்பிக்கு மேல் போகக் கூடாது. கோப்பின் பெயர் 14 எழுத்துக்குள் அடங்க வேண்டும். வகுப்பறைக்கு அது போதும். வீட்டில் கணினி வாங்கி வைத்து அதில் வாழ்கிறவனுக்குப் போதாது.

பிரான்சில் இருந்து ரெமி கார் வந்தார். 1992 ஏப்ரலில் அவர் எழுதிய எக்ஸ்ட் ஃபைல் சிஸ்டம் லினக்ஸுக்குள் நுழைந்தது. 2 ஜிபி வரை வட்டு, 255 எழுத்து வரை பெயர். ஆனால் அது நுழைவதற்கு முன்பே இன்னொரு காரியம் நடந்தாக வேண்டியிருந்தது. அதுவரை கெர்னலின் ஒவ்வொரு மூலையிலும் மினிக்ஸ் அமைப்பு நேரடியாக எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதாக ஒன்று வந்தால் எங்கெங்கே கை வைப்பது?

இந்தச் சிக்கலை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்பே பார்த்திருந்தது. சொந்த வட்டில் இருக்கும் கோப்பையும், வலைப்பின்னல் வழியே இன்னொரு கணினியில் இருக்கும் கோப்பையும் ஒரே மாதிரி திறக்க அவர்கள் வழி தேடினார்கள். 1986-ல் ஸ்டீவ் கிளைமன் அந்த வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். கெர்னலின் மேல்தளம் கோப்பைத் திற, படி, எழுது, மூடு என்று மட்டும் சொல்லும். எந்த வட்டில் எந்த முறையில் அதைச் செய்வது என்பதைக் கீழே உள்ள ஃபைல் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். நடுவில் நிற்பது ஒரு பட்டியல். இன்ன வேலைக்கு இன்ன ஃபங்ஷன் என்று ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் நிரப்பிக் கொடுக்க வேண்டிய பட்டியல்.

லினக்ஸுக்கு அப்படி ஒரு தளத்தை முதலில் எழுதியவர் கிறிஸ் ப்ரொவென்சானோ. டோர்வால்ட்ஸ் அதைத் திருத்தி எழுதிச் சேர்த்துக்கொண்டார். விஎஃப்எஸ் என்று இன்றும் அழைக்கப்படுகிற தளம் அதுதான். எக்ஸ்ட் அதன் மேல் ஏறி வந்தது. சில மாதத்தில் எக்ஸ்டின் குறைகள் தெரிந்தன; வட்டு பழகப் பழகக் கோப்புகள் சிதறின, வேகம் குறைந்தது. 1993 ஜனவரியில் இரண்டு போட்டியாளர்கள் ஒரே மாதத்தில் வந்தார்கள். ஃபிராங்க் ஷியாவின் ஷியாஎஃப்எஸ் ஒன்று. ரெமி கார், தியடோர் சோ, ஸ்டீஃபன் ட்வீடி மூவரின் பெயரோடு நிலைத்துவிட்ட எக்ஸ்ட்2 மற்றொன்று. எது வென்றது என்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்குத் தெரியும்.

விஎஃப்எஸ் செய்த உதவியின் அளவை இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புதிய ஃபைல் சிஸ்டம் எழுதுகிறவரின் வேலையை அது எளிதாக்கியது. பயன்படுத்துகிறவருக்கோ எதுவும் மாறவில்லை. எக்ஸ்ட்2 வேண்டுமா, எக்ஸ்ட்2 சேர்த்துக் கட்டிய கெர்னல் வேண்டும். டாஸ் ஃப்ளாப்பியைப் படிக்க வேண்டுமா, அதையும் சேர்த்துக் கட்டிய கெர்னல். சிடி வாங்கிவிட்டீர்களா, மறுபடியும் முதலிலிருந்து.

மறுபடி கட்டுவது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 386 சிப், 4 எம்பி நினைவகம். முதலில் கணினி கேள்வி கேட்கும்: இது வேண்டுமா, அது வேண்டுமா என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. பத்தாவது கேள்வியில் தவறாகப் பதில் சொன்னதை நாற்பதாவது கேள்வியில் உணர்ந்தால் பின்னால் போக முடியாது. நிறுத்திவிட்டு மீண்டும் முதல் கேள்வி. அது முடிந்து கம்பைல் தொடங்கினால் மணிக்கணக்கில் வட்டு உறுமிக்கொண்டிருக்கும். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் ஆபத்து ஓயவில்லை. கெர்னலை வட்டிலிருந்து எடுத்து ஓட்டிவிடும் லிலோ என்ற நிரலை எழுதியவர் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர். லிலோவுக்கு எந்த ஃபைல் சிஸ்டமும் தெரியாது. கெர்னல் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற எண்களை மட்டும் அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். புதிய கெர்னலைக் கட்டி அதே பெயரில் வைத்துவிட்டு, லிலோவை ஒருமுறை ஓட்ட மறந்தால் தீர்ந்தது. குறித்த கட்டங்களில் இப்போது வேறு ஏதோ இருக்கும். அடுத்த முறை கணினி எழாது.

ஆல்மெஸ்பெர்கர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பி வருவார்.

*

இப்போது நம் கதையின் நாயகர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் மாட்யூல்களைக் கையாளும் கோப்பு ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் வந்த பதிப்புகளில் அதன் தலையில் நான்கைந்து வரிக் குறிப்பு இருந்தது. அந்தக் காலத்தில் கோப்பைத் தொட்டவர்கள் தங்கள் பெயரை அங்கே எழுதிவிட்டுப் போவார்கள். லினக்ஸுக்கு இதைக் கொண்டுவந்தவர் பாஸ் லார்ஹோவன் என்கிறது ஒரு வரி. 0.99.14 பதிப்புக்கு ஏற்றவர் ஜான் டோம்ப்ஸ். 1994 மே மாதம் பெருமளவு மாற்றியவர் பியோர்ன் எக்வால். இவர்கள் எல்லோருக்கும் மேலே, முதலில் எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டிய வரியில், பெயர் தெரியாதவர் என்று இருக்கிறது. அறிந்தவரை அப்படித்தான் என்ற சேர்க்கையோடு.

லட்சக்கணக்கான சர்வர்களிலும் கோடிக்கணக்கான கைப்பேசிகளிலும் பின்னாளில் ஓடப்போகிற ஒரு யோசனையின் முதல் வரிக்கு உரிமை கொண்டாட யாரும் வரவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும் இடம் இது.

அந்தப் பெயர் தெரியாதவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டுபிடித்த வழி இதுதான். ஃபைல் சிஸ்டத்தை மட்டும் தனியாகக் கம்பைல் செய்து ஒரு சிறு கோப்பாக வைத்துக்கொள். கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பை அதன் நினைவகத்துக்குள் ஏற்று. அந்தக் கோப்புதான் மாட்யூல்.

சொல்வது எளிது. உள்ளே நடப்பது நுட்பமான வேலை. தனியாகக் கம்பைலான கோப்பில் பல இடங்கள் நிரப்பப்படாமல் இருக்கும். நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடு என்று எழுதியிருக்கும். அந்த ஃபங்ஷன் எந்த முகவரியில் இருக்கிறது என்று எழுதியிருக்காது. ஓடும் கெர்னலுக்குத்தான் அது தெரியும். ஆகவே கெர்னல் தன் ஃபங்ஷன்களில் வெளியாருக்குத் தரக்கூடியவற்றின் பெயரையும் முகவரியையும் பட்டியலிட்டு வெளியே காட்டியது. இன்ஸ்மாட் என்ற கட்டளை அந்தப் பட்டியலை வாங்கி, காலி இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, முடித்த கோப்பைக் கெர்னலிடம் ஒப்படைத்தது. கெர்னல் அதற்கு இடம் ஒதுக்கி, உள்ளே வைத்து, அதன் தொடக்க ஃபங்ஷனைக் கூப்பிட்டது.

அந்தத் தொடக்க ஃபங்ஷன் செய்வது ஒரே வேலை. என் பெயர் இது, இந்த வகை வட்டைப் படிக்க எனக்குத் தெரியும் என்று விஎஃப்எஸ்ஸிடம் பதிவு செய்துகொள்வது. பதிவானவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரு சங்கிலியில் நிற்பார்கள். ப்ராக் கோப்பகத்தில் ஃபைல்சிஸ்டம்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் அந்தச் சங்கிலி வரிசையாகத் தெரியும். மாட்யூலை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். முன்பு இல்லாத பெயர் இப்போது இருக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகவில்லை. யாருடைய வேலையும் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் இறக்கியும் விடலாம். ஆனால் அந்த வகை வட்டு ஒன்றாவது மவுன்ட் ஆகி, அதாவது பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்டு, இருக்கும்வரை கெர்னல் இறக்க விடாது.

டானன்பாமுக்கு இது பதிலா? பாதிதான். கெர்னலைத் துண்டு துண்டாகச் சேர்க்க முடிந்தது. ஆனால் சேர்ந்த துண்டு கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடியது. மாட்யூலில் ஒரு பிழை இருந்தால் மொத்தக் கணினியும் விழும்.

அதைவிடத் தொல்லையான சிக்கல் ஒன்று உண்டு. கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். நேற்றைய கெர்னலுக்காகக் கட்டிய மாட்யூல் இன்றைய கெர்னலுக்குள் போனால், எட்டாவது பைட்டில் இருக்க வேண்டியதைப் பன்னிரண்டாவது பைட்டில் தேடும். கிடைத்ததை நம்பும். நம்பி எழுதும். எழுதுவது ஒருவருடைய வட்டில் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு மாட்யூலிலும் அது எந்தப் பதிப்புக்காகக் கட்டப்பட்டது என்ற முத்திரை இருக்கும். முத்திரை பொருந்தாவிட்டால் கெர்னல் ஏற்க மறுக்கும்.

இந்த மறுப்பு பின்னாளில் பல்லாயிரம் பேரை அலைக்கழிக்கப் போகிறது. அதற்கு முன் இன்னொரு காட்சி.

*

1996 வாக்கில் எக்வாலும் ழாக் ஜெலினாவும் ஒரு படி மேலே போனார்கள். இன்ஸ்மாட் என்று மனிதர் ஏன் கட்டளையிட வேண்டும்? கெர்னலே கேட்கட்டுமே!

கெர்னல்டி என்ற அவர்களுடைய நிரல் பின்னணியில் காத்திருந்தது. 1999 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பிலிருந்து அந்த இடத்தைக் கெர்னலுக்குள்ளேயே அமைந்த கேமாட் எடுத்துக்கொண்டது. இன்றுவரை நடக்கும் முறை இதுதான். ஒருவர் ஒரு வட்டை மவுன்ட் செய்யச் சொல்கிறார். கெர்னல் சங்கிலியைப் பார்க்கிறது. அந்தப் பெயர் இல்லை. மறுப்புச் சொல்லிவிடாமல் கெர்னல் ஒரு கணம் நிறுத்தி, தனக்கு வெளியே இருக்கும் மாட்ப்ரோப் என்ற சாதாரண நிரலைக் கிளப்புகிறது: இந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா பார். மாட்ப்ரோப் வட்டில் மாட்யூல்கள் இருக்கும் கோப்பகத்தைத் தேடுகிறது. இந்த மாட்யூலுக்கு முன்பு வேறு எவை வேண்டும் என்று சார்புப் பட்டியலைப் பார்த்து, அவற்றையும் வரிசையாக ஏற்றுகிறது. கெர்னல் மறுபடி சங்கிலியைப் பார்க்கிறது. இப்போது பெயர் இருக்கிறது. மவுன்ட் நடக்கிறது. கட்டளை கொடுத்தவருக்கு இதில் எதுவும் தெரியாது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் ஒரு வட்டு மட்டும் திறக்க மறுத்தது. உலகத்தில் அதிகமான மேசைகளில் இருந்த வட்டு அதுதான்: விண்டோஸின் என்டிஎஃப்எஸ்.

*

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் பெருமுக்கல். கிழக்கே போனால் உப்பளம், சுற்றிலும் கல்குவாரி. மலை உச்சியில் சிவன் கோயில், அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள். மலையிலேயே சீதை குகை என்று சொல்லும் இடத்தில் அதைவிடப் பல நூற்றாண்டு பழைய பாறைக் கீறல்கள். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னோடு மலைக்கு வந்திருந்தான். டிப்ளமோ படிக்கிறான், இந்தத் தொடரை விடாமல் படிக்கிறான்.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"கோயில் சுவத்துல இருக்கறதைப் படிச்சாச்சு தம்பி. எந்த ராஜா, எந்த வருஷம், யாருக்கு என்ன தானம், எல்லாம் தெரியும். இதை இன்னும் யாரும் உறுதியாப் படிக்கலை."

"அப்ப ரெண்டும் ஒரே மலைதான், ஒரே உளிதான். படிக்கற முறை தெரிஞ்சது ஒண்ணு, தெரியாதது ஒண்ணு. நீங்க எழுதற என்டிஎஃப்எஸ் மாதிரி."

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பதை வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ட்2 வட்டுப் பகுதியில் 1024 பைட் தள்ளிப் போனால் ஃபைல் சிஸ்டத்தின் தலைக்குறிப்பு இருக்கும்: மொத்தம் எத்தனை கட்டம், எத்தனை காலி, எந்தப் பதிப்பு. ஒவ்வொரு எழுத்தும் பொதுவில் விளக்கப்பட்டது. 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் வட்டைத் திறந்தால், தொடக்கத்திலேயே அந்த நான்கு எழுத்துப் பெயர் பச்சையாகத் தெரியும். அதற்குப் பிறகு வருவதை முழுமையாக விளக்கும் ஆவணத்தை மைக்ரோசாஃப்ட் பொதுமக்களுக்குத் தரவில்லை. எழுதப்பட்டது நம்முடைய கடிதம், நம்முடைய படம், நம்முடைய கணக்கு. படிக்கும் முறை மட்டும் இன்னொருவருடைய சொத்து.

மார்ட்டின் ஃபோன் லோவிஸ் வட்டைப் பைட் பைட்டாகப் பார்த்து அந்த முறையைக் கண்டறியத் தொடங்கினார். 2.2 பதிப்பில் அவருடைய மாட்யூல் இருந்தது. பின்னர் ஆன்டன் அல்டாபர்மகோவ் அதை முற்றிலும் புதிதாக எழுதினார். படிப்பதில் நம்பிக்கை வந்தது. எழுதுவது நெடுநாள் ஆபத்தாகவே இருந்தது. ஒரு குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதினால் விண்டோஸ் அந்த வட்டைத் திறக்காது.

அதோடு, லினக்ஸை விநியோகித்த ரெட் ஹாட் நிறுவனம் தன் கெர்னலில் என்டிஎஃப்எஸ் மாட்யூலைச் சேர்க்கவே இல்லை. எனவே லினக்ஸ்-என்டிஎஃப்எஸ் திட்டத்தினர் அந்த மாட்யூலை மட்டும் தனியாகக் கட்டித் தந்தார்கள். ரெட் ஹாட் வெளியிட்ட ஒவ்வொரு கெர்னலுக்கும், ஒவ்வொரு சிப் வகைக்கும் தனித்தனியாக. உங்கள் கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்து, கடைசி இலக்கம் வரை பொருந்தும் ஒன்றை எடுத்துப் போட்டால் வட்டு திறக்கும். சில நூறு கேபிதான் இருக்கும். முழுக் கெர்னலைக் கட்டும் வேதனை இல்லை. இந்த உழைப்பை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த வாரமே பாதுகாப்புத் திருத்தத்தோடு புதிய கெர்னல் வரும். முத்திரை பொருந்தாது. வட்டு மறுபடி மூடிக்கொள்ளும். கெர்னலைப் புதுப்பிக்காமல் ஆபத்தோடு இருப்பதா, புதுப்பித்துவிட்டுத் தன் கோப்புகளை இழந்து நிற்பதா?

புடாபெஸ்ட்டில் இருந்து ஒருவர் வேறு கேள்வி கேட்டார். ஃபைல் சிஸ்டம் கெர்னலுக்குள் இருந்தே ஆக வேண்டுமா?

*

மிக்லோஷ் செரெடி எழுதியது ஃபியூஸ். இதுவும் ஒரு மாட்யூல்தான். விஎஃப்எஸ்ஸிடம் முறைப்படி பதிவு செய்துகொள்கிறது. ஆனால் இதற்கு எந்த வட்டையும் படிக்கத் தெரியாது. கோப்பைத் திற என்று மேலிருந்து கட்டளை வந்தால், அதைக் கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு சாதாரண நிரலிடம் தள்ளிவிடும். அந்த நிரல் வேலையைச் செய்து பதில் கொடுக்கும். பதிலை வாங்கி மேலே அனுப்பும். அவ்வளவுதான் இதன் பணி.

விளைவு பெரியது. ஃபைல் சிஸ்டம் எழுத இனிக் கெர்னலின் உள்ளமைப்பைத் தொட வேண்டாம். கெர்னல் மாறினாலும் ஃபியூஸோடு பேசும் முறை மாறாது. நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் சாகும், அந்த ஒரு வட்டு துண்டிக்கப்படும், கணினி நிற்காது. ஒவ்வொரு கோரிக்கையும் கெர்னலிலிருந்து வெளியே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் குறையும் என்பதுதான் கொடுக்க வேண்டிய விலை. சாதாரணப் பயனரின் நிரலை நம்பிக் கெர்னல் காத்திருப்பதா என்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. கடைசியில் 2005 அக்டோபரில் வெளியான 2.6.14 பதிப்பில் ஃபியூஸ் சேர்ந்தது.

பெயர் தெரியாதவர் தொடங்கிய பாதை டானன்பாம் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஃபைல் சிஸ்டம் என்பது வெளியே ஓடும் ஒரு தனி நிரல். பதிமூன்று ஆண்டுகளுக்கு முன் பேராசிரியர் கேட்டது இதைத்தான். என் மதிப்பீடு இது: அவர் சொன்ன திசை சரி. ஆனால் எல்லாரையும் அந்தத் திசையில் போகச் சொன்னது சரியில்லை. வேகம் வேண்டிய எக்ஸ்ட்2 உள்ளேயே இருக்கட்டும், அன்னியமான என்டிஎஃப்எஸ் வெளியே ஓடட்டும், தேர்ந்தெடுப்பது பயனர் என்று லினக்ஸ் விட்டது. அதனால்தான் பிழைத்தது.

அந்தப் பாதையில் ஹங்கேரிக்காரர் சபோல்ச் சகாசிச் என்டிஎஃப்எஸ்-3ஜியைக் கொண்டுவந்தார். 2007 பிப்ரவரியில் அதன் 1.0 பதிப்பு வந்தது. என்டிஎஃப்எஸ் வட்டில் படிக்கலாம், பயமில்லாமல் எழுதலாம். முழுக் கெர்னலைக் கட்ட வேண்டாம். மாட்யூலின் எண் பொருத்தம் பார்க்கவும் வேண்டாம்.

அதே 2007-ல்தான் சென்னையில் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது, டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளோடு. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் வந்தன. விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைகளுக்கு வந்தன. உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிற வீட்டில் முதல் கணினி அதுதான். பல வீடுகளில் இணையம் கிடையாது. மாட்யூலைத் தேடிப் பதிவிறக்கம் செய்துகொள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. கம்பைல் செய் என்று சொல்லவே முடியாது.

விண்டோஸ் பக்கம் சேமித்த பாடக் குறிப்பை லினக்ஸ் பக்கத்தில் இருந்து திறக்க வேண்டும். டெபியன் உலகத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தது என்டிஎஃப்எஸ்-3ஜி. பிள்ளை வட்டின் படத்தை இருமுறை க்ளிக் செய்கிறது. கெர்னல் சங்கிலியைப் பார்க்கிறது, ஃபியூஸிடம் ஒப்படைக்கிறது, வெளியே ஒரு நிரல் விழித்துக்கொள்கிறது, கோப்புறை விரிகிறது. இன்றைக்கு விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் சுற்றுக் கிராமங்களில் வகுப்பு எடுக்கும்போது இந்தச் சங்கிலியைப் பிள்ளைகளுக்குத் திரையில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. தங்களுக்காக எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் அறிய வேண்டும்.

பிற்பாடு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் வந்த 5.15 கெர்னலில் பாராகான் நிறுவனம் எழுதிக் கொடுத்த புதிய என்டிஎஃப்எஸ் மாட்யூல் சேர்ந்தது, படிக்கும், எழுதும். வெளியே போயிருந்த ஃபைல் சிஸ்டம் மறுபடி உள்ளே வந்தது. அதன் சண்டைகள் தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

*

நடுவில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கூர்ந்து படித்தவர்கள் பிடித்திருப்பீர்கள்.

மவுன்ட் செய்யும்போது மாட்யூல் இல்லையென்றால், மாட்ப்ரோப் வட்டில் தேடி எடுத்து வரும் என்றேன். எந்த வட்டில்? கணினியின் முதன்மை வட்டில்.

இப்போது 1996-க்குத் திரும்புங்கள். லினக்ஸை விநியோகிக்கிறவர்களுக்கு நெருக்கடி. நிறுவுவதற்கான கெர்னல் 1.44 எம்பி ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை ஃபைல் சிஸ்டங்களையும், அத்தனை வட்டுக் கருவிகளுக்கான நிரல்களையும் அதற்குள் அடைக்க முடியாது. மாட்யூல்களாக வெளியே வைத்துவிடலாம். கெர்னல் மெலிந்துவிடும். எக்ஸ்ட்2-ஐக்கூட வெளியே வைக்கலாம்.

கணினியைப் போடுகிறீர்கள். கெர்னல் எழுகிறது. முதன்மை வட்டைப் படிக்க எக்ஸ்ட்2 மாட்யூல் வேண்டும். அந்த மாட்யூல் இருப்பது முதன்மை வட்டுக்குள். மாட்ப்ரோப் நிரலும் அதே வட்டுக்குள். கெர்னல் கையில் எதுவும் இல்லை. திரையில், முதன்மை ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்ற அலறல். அங்கேயே நின்றுவிடுகிறது.

அப்போது வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் ஹான்ஸ் லெர்மென் என்பவரோடு சேர்ந்து திரும்பி வந்தார். எந்த ஃபைல் சிஸ்டமும் தெரியாமல், கட்ட எண்களை மட்டும் நம்பிக் கெர்னலைத் தூக்கி வரும் லிலோ அவர் கையில் இருந்ததே! கெர்னலைத் தூக்கி வர அதற்கு ஃபைல் சிஸ்டம் தேவைப்படவில்லை என்றால், இரண்டாவதாக இன்னொரு கோப்பைத் தூக்கி வரவும் தேவைப்படாது. கெர்னலுக்குப் பக்கத்திலேயே நினைவகத்தில் அதையும் இறக்கி வைத்தார்கள். எழுந்த கெர்னல், வட்டைத் தேடிப் போகும் முன் அந்தக் கோப்பைத் திறந்தது.

உள்ளே இருந்தது என்ன?

(அடுத்த வாரம்)